பேக்கேஜைப் பூட்டாதீர்கள், கெட்ட பதிப்பை மட்டும் தடுங்கள்

டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் ஒரு பேக்கேஜ் (மென்பொருள் தொகுப்பு) கோளாறோடு வந்தால் பலரும் உடனே அடிப்பது ஆப்ட்-மார்க் ஹோல்டு: பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் என்ற கருவியிடம், இதை இப்போதைய பதிப்பிலேயே பூட்டிவை என்று சொல்லும் கட்டளை. வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் டியூஷன் சென்டர், கோயில் ஆபீஸ் என்று நாலு இடத்துப் பழைய லேப்டாப்புகளை ஒருவரே பார்த்துக்கொள்வார். எதில் ஹோல்டு போட்டோம் என்பது அவருக்கு எங்கே ஞாபகம் இருக்கப்போகிறது? சரிசெய்த பதிப்பு வந்தாலும் அந்த மெஷின் வாங்காது. பாதுகாப்புத் திருத்தமும் சேர்ந்து நின்றுவிடும்.

பதிப்பு எண்ணைச் சொல்லித் தடுப்பதே என் கட்சி. 2023 டிசம்பரில் டெபியன் 12.3-க்காக வந்த கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) 6.1.64-1, எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறையிலுள்ள வட்டில் தரவைக் கெடுக்கக்கூடியது (பிழை எண் 1057843). 12.3-ஐ நிறுவுவதற்கான இமேஜ் கோப்புகளின் வெளியீட்டையே நிறுத்திவைத்தார்கள். டிசம்பர் 10 அன்று 6.1.66 கர்னலோடு 12.4 வந்தது. அந்த இடைவெளியைத் தாண்ட, இடிசிக்குள் ஆப்ட், அதற்குள் பிரிஃபரன்சஸ்.டி என்ற அடைவில் ஒரு கோப்பு போதும்:

எக்ஸ்பிளனேஷன்: பிழை 1057843
பேக்கேஜ்: லினக்ஸ்-இமேஜ்-*
பின்: வெர்ஷன் 6.1.64-1
பின்-பிரையாரிட்டி: -1

(தட்டும்போது எல்லாம் ஆங்கில எழுத்தில்தான்.) சாதாரணமாக ஒரு பதிப்புக்கு ஆப்ட் தரும் முன்னுரிமை மதிப்பு (பின்-பிரையாரிட்டி) 500, மெஷினில் ஏற்கெனவே இருப்பதற்கு 100. பூஜ்யத்துக்குக் கீழே இறக்கினால் ஆப்ட் அதைத் தொடாது. 6.1.66 வந்ததும் தானாக ஏறிவிடும், யாரும் பூட்டைத் திறக்க வேண்டாம்.

சறுக்கல் பெரும்பாலும் கோப்பின் பெயரில்தான். பின்னால் .டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டால் ஆப்ட் கண்டுகொள்ளாது; .பிரெஃப் என்று முடியுங்கள், அல்லது வெறும் பெயராக விடுங்கள். சேமித்ததும் ஆப்ட்-கேஷ் பாலிசி, பக்கத்தில் லினக்ஸ்-இமேஜ்-ஏஎம்டி64 என்று அடித்துப் பாருங்கள். கேண்டிடேட் (அடுத்து நிறுவப்போகும் பதிப்பு) வரியில் 6.1.64-1 தெரிந்தால் தடை பிடிக்கவில்லை. அடுத்து ஆப்ட்-கெட் -எஸ் அப்கிரேட்: எதையும் நிறுவாமல் என்னென்ன ஏறும் என்று மட்டும் காட்டும்.

கெட்டது ஏற்கெனவே ஏறிவிட்டதா? தடை அதை இறக்காது. கர்னல் என்றால் பிழைத்தீர்கள்: பழையது பக்கத்திலேயே இருக்கும், கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் அதைத் தேர்ந்து பூட் செய்து, புதியதை நீக்கிவிடலாம். மற்ற பேக்கேஜ்களுக்கு முதலில் வார், லாக், ஆப்ட் அடைவிலுள்ள ஹிஸ்டரி.லாக் என்ற பதிவுக் கோப்பைப் பாருங்கள். எந்தப் பேக்கேஜ் எந்த எண்ணிலிருந்து எதற்குப் போனது என்று அப்கிரேட் வரியில் இருக்கும். பிறகு ஆப்ட் இன்ஸ்டால், பேக்கேஜ் பெயர், சமக்குறி, பழைய எண்.

பழைய பதிப்பு சர்வரில் பெரும்பாலும் இருக்காது. அப்போது கை கொடுப்பது, இறக்கிய பேக்கேஜ்கள் சேரும் வார், கேஷ், ஆப்ட், ஆர்க்கைவ்ஸ் அடைவு. ஆப்ட் என்று அடித்து நிறுவினால் இறக்கிய .டெப் (பேக்கேஜ்) கோப்புகளை அழித்துவிடும்; ஆப்ட்-கெட் வைத்திருக்கும். போன் டேட்டாவில் இறக்குகிறவர்கள் ஆப்ட்-கெட்டையே பழகிக்கொள்வது நல்லது.

அப்கிரேட் செய்யும்போது 'கெப்ட் பேக்' (ஏற்றாமல் விடப்பட்டது) என்று வந்தால் உங்கள் தடைதான் காரணம் என்று முடிவுகட்டாதீர்கள். உபுண்டு சில அப்டேட்டுகளைக் கட்டம் கட்டமாகத்தான் அனுப்பும். ஹோல்டா என்பதை ஆப்ட்-மார்க் ஷோஹோல்டு சொல்லிவிடும்.

சாயங்கால இடிமழை நேரத்தில் டெஸ்க்டாப்பில் அப்கிரேட் தொடங்க வேண்டாம். பாதியில் கரண்ட் போனால், திரும்பி வந்ததும் அரைகுறையாக நின்றதை முடிக்க முதலில் டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ, அடுத்து ஆப்ட்-கெட் -எஃப் இன்ஸ்டால்.