ஆதித்யபூரிலும் பீளமேட்டிலும் ஒரே விலை

மத்திய அரசின் வரி வருவாயை மாநிலங்களுக்கு எப்படிப் பிரிப்பது என்று பரிந்துரைக்கும் நிதி ஆணையத்தின் பங்கீட்டைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், பீகாருக்கு நாம் படியளக்கிறோம் என்ற குரல் தமிழ்நாட்டில் தவறாமல் எழுகிறது. 15-ஆவது நிதி ஆணையம் மாநிலங்களுக்கான வரிப் பகிர்வில் பீகாருக்கு 10.058 சதவீதமும் தமிழ்நாட்டுக்கு 4.079 சதவீதமும் ஒதுக்கியதில் எனக்கும் ஆதங்கம் உண்டு. ஆனால் கணக்கை 1956-இலிருந்து எழுதத் தொடங்கினால், நம் பெயரிலும் சில பற்றுகள் ஏறும்.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கிய அந்த ஆண்டில் உருக்குக்கான சரக்குக் கட்டணம் நாடு முழுவதற்கும் சமப்படுத்தப்பட்டது. ஒவ்வொரு டன்னின் விலையிலும் சராசரி ரயில் கட்டணம் சேர்க்கப்பட்டதால், ஆலைக்கு அருகில் வாங்கியவர் மிகையாகக் கொடுத்த தொகையே தொலைவில் வாங்கியவரின் செலவை ஈடுகட்டியது. அன்று பீகாரில் இருந்த உருக்கு நகரமான ஜாம்ஷெட்பூரிலிருந்து கர்காய் ஆற்றைக் கடந்தால் ஆதித்யபூர். அங்கே பட்டறை நடத்தியவருக்கும், ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிக் கோவையின் பீளமேட்டில் இயந்திரம் செய்தவருக்கும் உருக்குத் தகட்டின் விலை ஒன்றுதான். துறைமுகமும் சந்தையும் வேறிடத்தில் இருக்க, சுரங்கத்தின் அருகாமை ஒன்றையே மூலதனமாகக் கொண்டிருந்த பகுதிக்கு அந்தச் சாதகமும் இல்லாமல் போனது. தொழில் ஓரிடத்தில் குவியக் கூடாது என்ற நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதே சலுகை பருத்திக்குக் கிடைக்கவில்லை; குஜராத், மகாராஷ்டிரப் பஞ்சு பாட்னாவுக்குச் சமவிலையில் போய்ச் சேரவில்லை. 1990-களின் தொடக்கத்தில் உருக்குக்கான இந்த ஏற்பாடு முடிவுக்கு வந்தபோது, ஆலைகள் எங்கே அமைய வேண்டுமோ அங்கே அமைந்துவிட்டிருந்தன.

நிலக்கரி வெட்டியெடுப்பதற்காகச் சுரங்கமுள்ள மாநிலத்துக்குத் தரப்படும் உரிமத்தொகையின் கதையும் இதற்குச் சளைத்ததல்ல. அது நெடுங்காலம் டன்னுக்கு இத்தனை ரூபாய் என்றே நிர்ணயிக்கப்பட்டு வந்ததால், விலை ஏறினாலும் தானாக ஏறவில்லை. விலையில் 14 சதவீதம் என்று முழுமையாக மாறியது 2012-இல்தான்.

பீகாரின் வறுமைக்கு இது ஒன்றே காரணம் என்பது மிகை. ஜமீன்தாரி முறை விட்டுச்சென்ற நில உறவுகளும் பிற்கால நிர்வாகச் சீர்குலைவும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்பதே என் கணிப்பு. கோவையின் வார்ப்படத் தொழிலும் இந்தக் கொள்கைக்கு முன்பே, பஞ்சாலைகளை ஒட்டி வளர்ந்ததுதான்.

இதில் கவனிக்கப்படாத முடிச்சு வேறொன்று. 2000 நவம்பர் 15 அன்று பீகார் பிரிக்கப்பட்டபோது ஜாம்ஷெட்பூர், பொகாரோ, தன்பாத் மூன்றும் ஜார்க்கண்டுக்குப் போயின. 15-ஆவது நிதி ஆணையத்தின் வரிப் பகிர்வுச் சூத்திரத்தில் 45 சதவீத எடை தனிநபர் வருமான இடைவெளிக்கு, அதாவது வளமான மாநிலங்களைவிட ஒரு மாநிலத்தின் தனிநபர் வருமானம் எவ்வளவு குறைவு என்பதற்கு, உரியதாக இருந்தது. மக்கள்தொகை, பரப்பளவு, காடு ஆகியவற்றுக்கும் இடம் இருந்தது. ஒரு மாநிலம் தேசியத் திட்டமிடலால் எதை இழந்தது என்பதற்கு மட்டும் அதில் இடம் இருக்கவில்லை. அந்தச் சூத்திரப்படி ஜார்க்கண்டுக்குக் கிடைத்தது 3.307 சதவீதம், அதாவது நம்மைவிடக் குறைவு.