டிரெயின் டியூபுக்கு ஒரு சுருக்குப் பை

புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் நர்ஸாக இருக்கிறேன். புற்றுநோயால் மார்பை இழந்தவர்களுக்கு அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு எடுத்து மார்பில் வைத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் குழாயோடு குழாய் சேர்த்துத் தைப்பார்கள். அன்று இரவு மணிக்கொரு தடவை டார்ச் அடித்துப் பார்ப்பது என் வேலை. அந்த இடம் வெளுத்தால் ரத்தம் போய்ச் சேரவில்லை. நீலம் பாரித்தால் போன ரத்தம் திரும்பவில்லை. ரத்த ஓட்டத்தைச் சத்தமாகக் கேட்க வைக்கும் டாப்ளர் கருவியில் 'உஷ் உஷ்' என்று கேட்ட பிறகுதான் எனக்கே மூச்சு வரும்.

சதையை இப்படிப் பார்த்துக்கொண்டோம். ஆளை? முன்பெல்லாம் ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பத்து மணியோடு தண்ணீர் கட். கேஸ் தள்ளிப்போய், மறுநாள் மதியம்வரை உதடு காய்ந்து கிடந்த ஒரு பெண்ணிடம் "கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று நானே சொல்லியிருக்கிறேன். 2017-ல் இந்த ஆபரேஷனுக்கென்றே வந்த 'ஈராஸ்' (ஆபரேஷனுக்குப் பிறகு சீக்கிரம் தேறி எழ வைக்கும் முறை) வழிகாட்டுதல், மயக்க மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை தெளிந்த பானங்கள் தரலாம், 24 மணி நேரத்துக்குள் எழுந்து நடமாட வைக்க வேண்டும் என்கிறது. தண்ணீர் விஷயம் சுலபமாக மாறியது. நடக்க வைப்பதுதான் பெரும்பாடு.

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து மீன் விற்கும் அக்கா ஒருவர் வந்திருந்தார். மறுநாள் காலை எழுப்பினால் அசையவே இல்லை. வலி என்று நினைத்து டாக்டரைக் கூப்பிடப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வலி கிலி ஒண்ணும் இல்லம்மா. ஆம்பளைங்க பாக்க இத தூக்கிக்கினு எப்படி நடக்கறது?"

மார்பிலும் வயிற்றிலும், உள்ளே ஊறும் நீரை வடிக்க வைத்த டிரெயின் டியூப்களின் முனையில் ரத்தநீரோடு தொங்கிய குமிழ் போன்ற பல்புகளைத்தான் சொன்னார். அப்புறம் அவரே தலையணைக்கு அடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, சில்லறையையும் பாக்கையும் கொட்டிவிட்டு, "இதுல போட்டா?" என்றார். மீன் வாடை அடித்தது. அது வேண்டாமென்று, தெருமுனை டெய்லரிடம் வெள்ளைத் துணியில் இரண்டு தைத்து வாங்கி வந்தேன். பல்பை உள்ளே போட்டு, கழுத்தில் மாட்டி, மேலே துண்டு. வயிற்றுத் தையல் இழுக்காமல் கூன் போட்டபடி பாத்ரூம்வரை போனார். சாயங்காலம் நான் கூப்பிடாமலே ஜன்னல்வரை.

சாப்பாடு தனிக் கதை. முட்டை, மீன் தின்றால் சீழ் வைக்கும் என்று அவர் மாமியார் ரசஞ்சோற்றோடு நிறுத்திவிட்டார். மீன்காரிக்கே மீன் இல்லை! புண் ஆற புரோட்டீன் வேண்டும் என்று நானும் சொன்னேன், டாக்டரும் சொன்னார். எடுபடவில்லை. பக்கத்துக் கட்டில் பெண் தினம் இரண்டு முட்டை சாப்பிட்டும் தையல் காய்ந்திருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சங்கரா குழம்பு வந்தது. வார்டே மணத்தது. எனக்கு இன்சார்ஜ் சிஸ்டரிடம் திட்டு.

ஒரு நாளில் வடியும் நீரின் அளவு 30 மில்லிக்குக் கீழே வந்ததும் டிரெயினை எடுத்தோம். பைகளைக் குப்பையில் போடப் போனேன்.

"குடும்மா, நல்லா அலசிட்டா காசு போட ஆவும்" என்று வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.