பின் சஸ்பென்ஷன் ஸேக்: நடுவில் ஒளிந்திருந்த 14 மில்லிமீட்டர்

பாறை, மரக்கட்டை போன்ற தடைகளைக் கால் ஊன்றாமல் கடக்கும் போட்டிக்கான ட்ரயல்ஸ் வண்டியின் பின்பக்க ஸேக், அதாவது எடை ஏறியதும் சஸ்பென்ஷன் அமுங்கி இறங்கும் அளவு, ஒருவழியாக ஓர் எண்ணில் நிலைத்துவிட்டது. அளக்கும் ஒவ்வொரு முறையும் வேறொரு கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த வண்டி, இப்போது யார் அளவுகோலைப் பிடித்தாலும் சராசரிக்கு மேலும் கீழும் 2 மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஸ்பிரிங்கையோ, அதை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் மரை வளையமான ப்ரீலோட் காலரையோ தொடுவதற்கு முன்பே இந்த மாற்றம் கிடைத்ததால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

என் வண்டியின் பின் சக்கரப் பயணம் ஏறக்குறைய 170 மில்லிமீட்டர். அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 55 முதல் 60 வரை, ரைடர் ஸேக்காக, அதாவது ஓட்டுபவர் ஏறியதும் வரும் ஸேக்காக, இருக்கவேண்டும் என்பது என் இலக்கு. நீண்ட தூரக் காட்டுப்பாதைப் போட்டியான எண்டியூரோ ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் இருக்கையில் உட்கார்ந்து அளப்பார்கள். ட்ரயல்ஸ் ஓட்டும் நமக்கு இருக்கை என்று சொல்லிக்கொள்ளவே ஒன்றும் இல்லாததால், பூட்ஸ், ஹெல்மெட் உட்பட எல்லாவற்றையும் அணிந்து ஃபுட்பெக்கின் மேல் நின்று, முழங்காலைச் சற்றே மடக்கி, செக்‌ஷனுக்குள் (போட்டியின் தடைப் பகுதிக்குள்) நுழையும்போது நிற்கும் அதே நிலையில் நின்றுதான் அளக்கவேண்டும். சுவரில் கை ஊன்றினால் எடையில் ஒரு பகுதி சுவருக்குப் போய்விடும். ஆகவே ஒருவர் முன்னால் நின்று ஹேண்டில்பாரை விரல் நுனியால் தாங்க, இன்னொருவர் அளவெடுப்பதே சரியான ஏற்பாடு. கியர் நியூட்ரலில் இருக்கவேண்டும். பின் பிரேக்கில் கால் படவே கூடாது. பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் ஒரு வளைகோட்டில் ஏறி இறங்குவதால் பின் சக்கரம் சிறிதளவு உருண்டு இடம் மாறியாகவேண்டும். சக்கரத்தைப் பூட்டிவிட்டால் சஸ்பென்ஷனும் பாதி பூட்டிக்கொள்கிறது.

மட்கார்டு நுனியில் டேப்பைப் பிடித்து அளப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தப் பிளாஸ்டிக் கால்சட்டை உரசினாலே சில மில்லிமீட்டர் வளைந்துகொடுக்கும். அதனால் ஒரு மெல்லிய அலுமினியப் பட்டையின் கீழ்முனையில், பின் ஆக்ஸிலின் துளைக்குள் சரியாக உட்காரும் முளை ஒன்றைப் பொருத்திக்கொண்டேன். மேலே ஆக்ஸிலுக்கு நேர் செங்குத்தாக, சப்ஃபிரேமில் (பின்பக்கச் சட்டத்தில்) ஒட்டிய டேப்பில் மெல்லிய கோடு ஒன்று இருக்கிறது. பட்டையின் அளவு அந்தக் கோட்டில் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். ஆக்ஸிலிலிருந்து அளப்பதில் இன்னொரு வசதியும் உண்டு. பின் டயரில் 4 அல்லது 5 பிஎஸ்ஐ காற்றுதான் வைக்கிறோம் என்பதால், ஆள் ஏறியதும் டயர் நன்றாகவே அமுங்கும். தரையிலிருந்து அளப்பவர்களுக்கு அந்த அமுக்கமும் ஸேக் கணக்கில் கலந்துவிடும்.

இனி எனக்குத் தலைவலி தந்த கட்டத்துக்கு வருகிறேன். சக்கரம் தொங்கும்போது பட்டை காட்டிய அளவு 540. நான் ஏறி நின்றபின், நண்பர் வண்டியின் பின்பகுதியை மெதுவாகக் கீழே அழுத்தி, துள்ளவிடாமல் தானாக மேலேறி நிற்கவிட்டபோது 474. அதே பின்பகுதியைச் சற்றே தூக்கி, மெதுவாகத் தானாக இறங்கி நிற்கவிட்டபோது 488. முதல் வழியில் ஸேக் 66, இரண்டாம் வழியில் 52, சராசரி 59. சராசரியை மட்டும் பார்த்தால் இலக்குக்குள் அழகாக உட்கார்ந்திருக்கிறது. அத்துடன் கருவிகளைத் துடைத்து எடுத்துவைத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் நடுவில் இருக்கும் அந்த 14 மில்லிமீட்டர் முழுக்க உராய்வு. அந்த இடைவெளிக்குள் எங்கே வேண்டுமானாலும் வண்டி நின்றுகொள்ளும். ஸ்பிரிங்குக்கு அதில் பேச்சே இல்லை. பாறை விளிம்பில் பின் சக்கரம் முதலில் தொடும் அந்தக் கணத்தில் சஸ்பென்ஷன் அசையாமல் விறைத்து நிற்பதும், பிறகு திடீரென்று விட்டுக்கொடுப்பதும் இதனால்தான். அசைவின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பிங்கைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது.

உராய்வு எங்கே என்று தேட எளிய வழி ஒன்று உண்டு. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஸ்பிரிங்கைச் சுமக்கும் ஷாக்கைக் கழற்றிவிட்டு, ஸ்விங் ஆர்மைத் தூக்கி விட்டுப் பார்க்கவேண்டும். சக்கரத்தின் எடையோடு அது தடையின்றி விழவேண்டும். என்னுடையது பாதி வழியில் சோம்பலாக நின்றது. ஸ்விங் ஆர்மை ஷாக்கோடு இணைக்கும் லிங்கேஜைப் பிரித்ததும் ஸ்விங் ஆர்ம் தாராளமாக விழுந்துவிட்டதால், அது சுழலும் பிவட்டில் குற்றமில்லை என்று தெரிந்தது. மீதி இருந்தவை லிங்கேஜின் பேரிங்குகள்தான். அவற்றிலும் எஞ்சினுக்கு அடியில், சேறும் தண்ணீரும் நேராக வந்து மோதும் இடத்தில் இருக்கும் கீழ்ப் பேரிங்கின் மேல்தான் எனக்கு முதலிலேயே சந்தேகம் இருந்தது. போல்ட் எளிதாக வந்தது. உள்ளே இருந்த ஸ்லீவ் வரவில்லை. இலேசாகத் தட்டி வெளியே எடுத்தபோது, ஸ்லீவின் ஒரு பக்கத்தில் மட்டும் பேரிங்கின் ஊசி போன்ற உருளைகளான நீடில்கள் ஒரே இடத்தில் அழுந்திப் பதித்த பழுப்புக் கோடுகள் வரிசையாக இருந்தன. கிரீஸ் என்ற பெயரில் உள்ளே இருந்தது, நகத்தால் சுரண்டவேண்டிய காய்ந்த பசை. நீடில்கள் உருளாமல் ஸ்லீவின் மேல் சறுக்கிக்கொண்டிருந்திருக்கின்றன. பிரஷர் வாஷரை அந்த இடத்தில் நேராகப் பிடிக்கிறவர்கள் ஒரு முறை இதைக் கழற்றிப் பார்ப்பது நல்லது.

கோடுகள் விரல் நகத்தில் தட்டுப்பட்டதால் ஸ்லீவையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்றினேன். நீடில்களைப் பிடித்துவைக்கும் கேஜ் இல்லாத வகை பேரிங் என்பதால் அவை ஒவ்வொன்றாகக் கீழே கொட்டும். தண்ணீர் தாங்கும் கிரீஸைத் தாராளமாகப் பூசி, அந்தப் பசையிலேயே அவற்றை ஒட்டவைத்து, ஸ்லீவை நேராக உள்ளே தள்ளவேண்டும். ஒரு நீடில் சாய்ந்தாலும் ஸ்லீவ் உள்ளே போகாது. அதைச் சுத்தியலால் சமாதானப்படுத்த முயல்வது வேண்டாம். சீல்களின் உதட்டிலும் கிரீஸ் பூசி, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் முடுக்கியபின் ஸ்விங் ஆர்ம் தன் எடையிலேயே இறங்கியது.

மறுபடி அளந்தபோது அழுத்திவிட்டால் 478, தூக்கிவிட்டால் 482. ஸேக் 62, 58, சராசரி 60. சராசரி 1 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கிறது, இடைவெளியோ 14-லிருந்து 4 ஆகிவிட்டது. மிச்சமிருக்கும் 4 ஷாக்கின் சீல்களில் உள்ள உராய்வு என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்காக ஷாக்கைப் பிரிக்கப்போவதில்லை. ஆள் இல்லாமல், வண்டியின் எடையில் மட்டும் இதே முறையில் அளந்த ஃப்ரீ ஸேக் 18.

ப்ரீலோட் காலரை இதன் பிறகுதான் தொட்டேன். காலரின் மரையில் ஒரு சுற்று 1.5 மில்லிமீட்டர். லிங்கேஜ் விகிதம் (ஷாக் 1 மில்லிமீட்டர் அசைந்தால் சக்கரம் எவ்வளவு அசையும் என்பது) இந்த உயரத்தில் ஏறக்குறைய 2.7 என்பதால், ஒரு சுற்று முடுக்கினால் சக்கரத்தில் 4 மில்லிமீட்டர் மாறவேண்டும், மாறியது. ரைடர் ஸேக் 56, ஃப்ரீ ஸேக் 14. ப்ரீலோடைக் கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. இரண்டு ஸேக்குகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். முன்பு 60-இல் 18 போக 42. இப்போது 56-இல் 14 போக அதே 42. ஃப்ரீ ஸேக் பூஜ்யமாகாத வரையில், என் உடல் எடை ஸ்பிரிங்கை எவ்வளவு அமுக்குகிறது என்பதைக் காலர் மாற்றுவதில்லை. வண்டி நிற்கும் உயரத்தை மட்டுமே மாற்றுகிறது.

காலரைத் திருப்பும் சி ஸ்பேனரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. வண்டியோடு வந்தது மெல்லிய தகட்டில் வெட்டியது. ஏர் பாக்ஸுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே அதை நுழைத்து அழுத்தினால் பல் நழுவி, அலுமினியக் காலரின் ஓரத்தைச் செதுக்கிவிடுகிறது. தடிமனான ஒன்றை வாங்கி, கைப்பிடியைக் குட்டையாக அறுத்துக்கொண்டேன். திருப்புவதற்கு முன் மரையை பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, காலரில் பெயிண்ட் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிடவேண்டும். ஸ்பிரிங்கும் காலரோடு சேர்ந்து சுற்றும் என்பதால், ஸ்பிரிங்கைப் பார்த்துச் சுற்றை எண்ணினால் கணக்குத் தவறும்.

ரைடர் ஸேக் 56 இருக்கும்போது ஃப்ரீ ஸேக் 18 இருந்தால் எனக்குப் பிடிக்கும். அப்படியானால் வித்தியாசம் 42-இலிருந்து 38-க்கு இறங்கவேண்டும். இப்போதுள்ளதைவிடப் பத்தில் ஒரு பங்கு கடினமான ஸ்பிரிங் தேவை. ஃப்ரீ ஸேக் குறைவாக இருக்கிறதே, ஸ்பிரிங் கடினம் போலிருக்கிறது என்று நினைப்பது இயல்பு. உண்மை அதற்கு நேர் எதிர். மென்மையான ஸ்பிரிங்கை அதிக ப்ரீலோடால் தாங்கிப் பிடிப்பதால்தான் ஃப்ரீ ஸேக் சுருங்குகிறது.

ஸ்பிரிங் விற்பவர்களில் ஒருவர் நியூட்டனில் எழுதுகிறார், ஒருவர் கிலோவில், இன்னொருவர் பவுண்டில். ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு கிலோ என்பது 9.81 நியூட்டன், பவுண்டு கணக்கில் அங்குலத்துக்கு 56. எண் எதுவும் பொறிக்காத ஸ்பிரிங்கைக் கம்பித் தடிமனை வைத்துக் கணக்கிட்டு விற்கிறவர்களும் உண்டு. ஸ்பிரிங்கின் கடினம் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், 10 மில்லிமீட்டர் கம்பியில் பவுடர் கோட்டிங்கின் 0.2 மில்லிமீட்டரைச் சேர்த்து அளந்துவிட்டால் விடை 8 சதவீதம் தவறிவிடும். நான் தேடும் வித்தியாசமே பத்து சதவீதம் என்பதால், அளந்து எண் பொறித்த ஸ்பிரிங்கைத் தவிர வேறெதையும் வாங்குவதாக இல்லை.

இப்போதைய அளவில் செயின் தளர்வை மறுபடி சரிபார்த்தாயிற்று. பின்பகுதி சற்று உயர்ந்ததில், ஹேண்டில்பாரை முழு லாக்கில் திருப்பும்போது முன் டயர் வெளியே நழுவுவது குறைந்திருக்கிறது; செங்குத்து இறக்கத்தில் மூக்கு முந்திக்கொள்ளும் அளவுக்கு இன்னும் போகவில்லை. அமுங்கியபின் ஷாக் திரும்பி விரியும் ரீபவுண்டு மட்டும் மந்தமாகத் தெரிகிறது. லிங்கேஜ் சிக்கி நின்ற காலத்தில் வைத்த கிளிக்குகளை (அட்ஜஸ்டர் அளவுகளை) அது இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. புது ஸ்பிரிங் வந்தால் எப்படியும் மாற்றவேண்டியிருக்கும் என்பதால் அதைத் தொடவில்லை. அதற்குள் முன் ஃபோர்க்கின் ஆயிலை மாற்றி, அங்கேயும் அழுத்தி ஒன்று, தூக்கி ஒன்று என்று இரண்டு அளவு எடுத்துப் பார்க்கவேண்டும். ஃபோர்க் சீல்கள் எவ்வளவு பிடிக்கின்றன என்பது தெரிந்த பிறகே முன்பக்க ப்ரீலோட்.