எட்டும் இரண்டும் பத்து: தவணைக்குள் ஊருக்குப் போன கணக்கு

இங்கிலாந்தில் தவணை நடக்கும்போது பிள்ளையை ஊருக்குக் கூட்டிப்போனால் தண்டம் வரும் என்று தெரியாத தமிழ் வீடு இராது. "ஐந்து நாளைத் தொடாமல் பார்த்துக்கொள்" என்பதும் எல்லாரும் சொல்வதுதான். நாங்கள் நாலு நாளோடு நிறுத்தினோம். அப்படியும் வந்தது.

கணக்கு அரைநாளில் ஓடுகிறது. எந்தப் பத்துப் பள்ளி வாரத்திலும் அனுமதியில்லாத அரைநாள்கள் பத்துச் சேர்ந்தால் போதும். அடுத்தடுத்து இருக்கவும் தேவையில்லை. நாலு நாளுக்கு எட்டு, இடாப்பில் (வரவுப் பதிவேட்டில்) ‘ஜி’, அதாவது அனுமதியில்லாத விடுமுறை. மிச்சம் இரண்டும் முந்தின மாதம் பிந்திப் போன இரண்டு காலைகள். இடாப்பு மூடமுன் போனால் ‘எல்’, வந்த கணக்கு. மூடின பிறகென்றால் ‘யூ’. பிள்ளை பின்னேரம் வரை வகுப்பில் இருந்தாலும் அந்தக் காலை வராத கணக்குத்தான்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்த இரண்டில் ஒன்று பல் வைத்தியரிடம் போன நாள். அப்பாயின்ட்மென்ட் கடிதத்தை அன்றே கொடுத்திருந்தால் வைத்தியரிடம் போனதற்கான ‘எம்’ விழுந்திருக்கும், மொத்தம் ஒன்பதில் நின்றிருக்கும். பணம் கட்டினபின் கொண்டுபோய்க் காட்டினால் கந்தோரில் கிடைத்த பதில், "கட்டியாச்சுத்தானே." ரிக்கெட் போடமுன் பிள்ளையின் வரவுப் பதிவைக் குறியீடுகளோடு அச்சடித்துக் கேட்டு வாங்குங்கள்.

லீவுப் படிவத்திலும் பிழை விட்டோம். போனது அம்மம்மாவின் அந்தியேட்டிக்கு. காரணம் எழுதும் கட்டத்தில் "குடும்பப் பயணம்" என்று போட்டால் எந்த அதிபரும் உல்லாசப் பயணம் என்றுதான் வாசிப்பார். செத்தவீட்டின் தொடர்ச்சி, 31ஆம் நாள் சடங்கு, திகதி மாற்ற ஏலாது என்று மூன்று வரி விளக்கியிருக்க வேண்டும். விதிவிலக்கான காரணமா, எத்தனை நாள் என்பது அப்போதும் அதிபரின் முடிவுதான். ஆனால் கேட்பதைப் போகமுன் கேட்க வேண்டும். திரும்பி வந்து கேட்டால் பயனில்லை.

தண்டக் கடிதம் தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. இரண்டாவதைப் பிரதி என்று நினைத்து லாச்சிக்குள் போட்டுவிட்டோம். 21 நாளுக்குள் 80 பவுண், அதற்குப் பிறகு 28ஆம் நாள் வரை 160. மேன்முறையீடு இல்லை, பகுதி பகுதியாகக் கட்டவும் விடமாட்டார்கள். 160இல் முடிந்திருக்க வேண்டியது 240 ஆனது. ஒரே ஆறுதல், சின்னவனுக்குக் கடிதமே வரவில்லை: ஐந்து வயது முடிந்து அடுத்த தவணை தொடங்கும்வரை கட்டாயக் கல்வி வயது ஆரம்பிப்பதில்லை.

2024 ஆகஸ்டிலிருந்து இங்கிலாந்து முழுவதும் இதே விதிதான். மூன்று வருடத்துக்குள் அதே பிள்ளைக்கு அதே பெற்றோருக்கு இரண்டாவது கடிதம் வந்தால் 80 என்ற சலுகை கிடையாது, நேரே 160. மூன்றாவது முறை தண்டக் கடிதமே வராது, கட்டித் தப்பவும் முடியாது. வழக்குக்குப் போனால் 2500 பவுண் வரை போகலாம்.

தவணைத் திகதிக்குக் கவுன்சில் பட்டியலை மட்டும் நம்பவேண்டாம். அகாடமிகள், அதாவது கவுன்சிலின் கீழ் இல்லாத அரச நிதிப் பள்ளிகள், தாங்களே திகதி வைக்கும். பக்கத்துக் கவுன்சிலில் அரைத்தவணை லீவு வேறு வாரத்திலும் விழும். ஆசிரியர் பயிற்சிக்கென்று வருடத்தில் ஐந்து இன்செட் நாள் உண்டு. அவற்றை ஒவ்வொரு பள்ளியும் தன் நாள்காட்டியில்தான் போடும். எங்களுக்கு அரைத்தவணை முடிந்த திங்கள் அப்படி ஒரு நாளாக அமைந்தது. அதனால்தான் ஐந்து நாள் நாலாகியது.