கரிசல் மண் வெடிப்பது ஏன்?

கரிசலின் கருமைக்கு மக்கு (மட்கிய தாவரப் பொருள்) மிகுதியே காரணம் என்று பலர் எண்ணுகிறார்கள். தக்காணக் கரிசலில் கரிமச்சத்து உண்மையில் குறைவு. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய எரிமலைக் குழம்பு பசால்ட் பாறையாக இறுகிச் சிதைந்தபோது, குறைந்த மழையால் கால்சியமும் மக்னீசியமும் கரைந்தோடாமல் தங்கியதால், ஸ்மெக்டைட் என்னும் களிக்கனிமம் அங்கே மிகுந்தது. அதன் நுண்தகடுகளுக்கிடையே நீர் புகுந்தால் மண் உப்புகிறது. காய்ந்தால் சுருங்கி, ஒரு மீட்டர் ஆழம் வரைகூட வெடிக்கிறது. என்னை மிகவும் ஈர்ப்பது அடிமண்ணே: குழி வெட்டினால், உப்பிய கட்டிகள் ஒன்றையொன்று நெருக்கி உராய்ந்து மெருகேற்றிய சாய்ந்த பரப்புகள் பளபளப்பதைக் காணலாம். முதல் மழையை வெடிப்புகள் விரைந்து விழுங்கும். அவை மூடியபின் நீர் மிக மெதுவாகவே இறங்கும். காய்ந்தால் கடினம், நனைந்தால் பிசுபிசுப்பு என்பதால், உழவுக்கேற்ற பதம் சில நாள்களே நீடிக்கிறது.