ஐடிலிங் நிற்காத வண்டி: கோவைப் பட்டறைக் குறிப்புகள்

03-11-2025, திங்கள்

2009 மாடல், 1.3 லிட்டர், 4 சிலிண்டர் பெட்ரோல். கேபிள் த்ராட்டில் (காற்றை விடும் தகடு), மேப் சென்சார் (என்ஜினுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டு குழாயின் அழுத்தத்தை அளப்பது), தனி ஐடில் காற்று வால்வு (த்ராட்டில் மூடியிருக்கும்போது காற்று விடுவது). சிக்னலில் நின்றால் ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டரை மிதிக்காமல் என்ஜின் தானாக ஓடும் நிலை) ஆர்பிஎம் 1,100-க்கும் 1,700-க்கும் நடுவில் ஏறி இறங்குகிறது. ஏசி போட்டால் சில நேரம் ஆஃப் ஆகிறது. மழை நாளில் மிஸ்ஸிங் வேறு. பிளக், பெட்ரோல் பம்ப், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் ஏற்கெனவே புதுசு போட்டாயிற்று. பில்தான் ஏறியிருக்கிறது, ஐடிலிங் அப்படியே இருக்கிறது.

ஓனரிடம் முதலில் கேட்டது, எப்படி ஆஃப் ஆகிறது என்பதை. சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் கிராங்க் சென்சார், மெயின் ரிலே, இக்னிஷன் ஸ்விட்ச் பக்கம் போக வேண்டும். திணறித் திணறி, இழுவை குறைந்து நின்றால் பெட்ரோல் பக்கம். ஓடும்போது ஒரு குறையும் இல்லாமல், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஆர்பிஎம் சரிந்து நின்றால் காற்று. இது மூன்றாவது வகை. பம்ப் மாற்றியதற்குக் காரணமே இல்லை.

ஸ்கேனரில் பி0505. ஐடில் கன்ட்ரோல் கோளாறு என்று வந்ததுமே புது ஐடில் வால்வு வாங்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். ஐடிலிங்கைத் தன்னால் பிடித்து நிறுத்த முடியவில்லை என்பதைத்தான் ஈசியூ (என்ஜினை இயக்கும் கணினி) இந்த கோடில் சொல்கிறது. எதனால் என்று சொல்லவில்லை.

04-11-2025, செவ்வாய்

காலையில் ஆறிய என்ஜின், கீ ஆன், ஸ்டார்ட் செய்யாமல் ரீடிங். கூலன்ட் சென்சாரும் உள்வரும் காற்றின் சென்சாரும் 24, 25 டிகிரி. இரவு முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் ஒட்டி வர வேண்டும். கூலன்ட் மைனஸ் 40 என்று காட்டினால் வயர் அறுந்திருக்கிறது என்று பொருள். ஈசியூ பனிக்காலம் என்று நம்பி பெட்ரோலைக் கொட்டும். மேப் 96 கிலோபாஸ்கல். கோவை 400 மீட்டர் உயரத்துக்குச் சற்று மேலே இருப்பதால் இது சரி. சென்னையில் 101 வரும், ஊட்டியில் 77 பக்கம். மலைக்குப் போன இடத்தில் இந்த எண்ணைப் பார்த்து மேப் சென்சாரைக் கழற்றிப் போட்டவர்களும் உண்டு.

ஸ்டார்ட் செய்து சூடானதும் ஐடில் வால்வின் டியூட்டி (எவ்வளவு திறக்கச் சொல்லியிருக்கிறது என்ற அளவு) கிட்டத்தட்ட பூஜ்யம். கதவை முழுக்கச் சாத்தியும் எங்கிருந்தோ காற்று வருகிறது. ஃபியூவல் ட்ரிம் (ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்): உடனடித் திருத்தமான ஷார்ட் பிளஸ் 2, நாள்பட்ட திருத்தமான லாங் பிளஸ் 5.

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். காற்றுக் கசிவு என்றால் ட்ரிம் பிளஸ் 20-க்கு ஏறும், 2,500 ஆர்பிஎம்மில் இறங்கிவிடும் என்பது காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் சென்சார் வண்டிகளுக்கான கணக்கு. அங்கே கசிவில் நுழையும் காற்று சென்சாரைத் தாண்டி வருவதால் கணக்கில் சேராது. மேப் வண்டியில் எந்த வழியாகக் காற்று நுழைந்தாலும் மேனிஃபோல்டு அழுத்தத்தில் தெரிந்துவிடும். ஈசியூ அதற்கேற்ற பெட்ரோலையும் கொடுத்துவிடும். அதனால் ட்ரிம் அசையாது, ஆர்பிஎம்தான் ஏறும். ட்ரிம் நன்றாக இருக்கிறது, எனவே கசிவு இல்லை என்று இந்த வண்டியில் முடிவு கட்டக்கூடாது.

ஏறி இறங்குவதற்கும் காரணம் அதுவே. த்ராட்டில் மூடியிருக்கிறது, ஆனால் ஆர்பிஎம் 1,700. வண்டி இறக்கத்தில் உருள்கிறது என்று நினைத்து ஈசியூ பெட்ரோலை வெட்டுகிறது. ஆர்பிஎம் விழுகிறது, பெட்ரோல் திரும்ப வருகிறது, மறுபடி ஏறுகிறது. விழும் நேரம் பார்த்து ஏசி கம்ப்ரசர் பிடித்தால் ஆஃப்.

லாங் ட்ரிம் பிளஸ் 5 பெரிய விஷயம் இல்லை. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.1 கிலோ அளவில் காற்று வேண்டும்; 20 சதவீதத்துக்கு 13.5. அந்த வித்தியாசமே 4 சதவீதம் கூடுதல் பெட்ரோல் கேட்கும். 2023-க்குப் பிறகு பழைய வண்டிகளில் பிளஸ் 4, 5 பார்த்துப் பயப்படுவதில்லை.

05-11-2025, புதன்

கசிவு தேடல். சூடான சைலன்சர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பது வேண்டாம், தீப்பிடிக்கும். மேனிஃபோல்டிலிருந்து கிளம்பும் ஹோஸ்களை, வாயில் துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொன்றாக நசுக்கினால் போதும். பிரேக் பூஸ்டர் ஹோஸ்: மாற்றமில்லை. கேனிஸ்டர் (டேங்கின் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கரிப் பெட்டி) ஹோஸ்: மாற்றமில்லை. டேப்பெட் கவரிலிருந்து மேனிஃபோல்டுக்குப் போகும் பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள் சேரும் எண்ணெய் ஆவியை உறிஞ்சி எடுப்பது): ஆர்பிஎம் 800-க்கு இறங்கி நிலைத்தது.

கழற்றிப் பார்த்தால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. முழங்கை வளைவின் உட்பக்கம், என்ஜினைப் பார்த்த பக்கம், பெருவிரல் நீளத்துக்கு ஒரு பிளவு. கையில் வைத்திருக்கும்போது உதடு ஒட்டியே இருக்கிறது, வளைத்தால்தான் வாய் திறக்கிறது. ரப்பர் எண்ணெய் குடித்து ஊறி, தொட்டால் விரலில் கறுப்பு ஒட்டுகிறது.

ரேடியேட்டர் ஹோஸில் ஒரு துண்டு வெட்டிப் போடுவது பரவலான பழக்கம். அந்த ரப்பர் எண்ணெய் ஆவிக்குத் தாங்காது, சில மாதத்தில் உப்பிவிடும். மெல்லியதாக இருந்தால் உறிஞ்சலில் உள்ளே சப்பிக்கொள்ளும். எண்ணெய் தாங்கும் ஹோஸ், முடிந்தால் அதே வளைவில் வார்த்தது. பிசிவி வால்வைக் குலுக்கினால் உள்ளே சலசலக்க வேண்டும், இது சலசலத்தது.

புது ஹோஸ் போட்டதும் ஆர்பிஎம் 450. லைட் போட்டால் ஆஃப்.

06-11-2025, வியாழன்

நேற்று நின்றதற்குக் காரணம் த்ராட்டில் பாடியில் இருந்தது. ஐடிலிங் அதிகம் என்று யாரோ ஸ்டாப் ஸ்க்ரூவை (த்ராட்டில் தகடு எதுவரை மூடலாம் என்று தடுப்பது) இறக்கியிருக்கிறார்கள். பெயின்ட் அடையாளம் உடைந்திருக்கிறது. தகட்டின் விளிம்பைச் சுற்றிக் கரி. ஐடில் வால்வின் வழி பாதி அடைந்திருக்கிறது. இத்தனை நாள் என்ஜின் மூச்சு விட்டதே அந்தக் கிழிந்த ஹோஸ் வழியாகத்தான்.

கிளீனரைத் துணியில் நனைத்துத் தகட்டையும் போரையும் (தகடு திரும்பும் துளை) துடைக்க வேண்டும். ஐடில் வால்வின் காற்று வழியில் மட்டும் அடிக்க வேண்டும், மோட்டார் பக்கம் ஊறக்கூடாது. ஸ்டெப்பர் வகையாக இருந்தால் முனையைக் கையால் அழுத்தவே கூடாது, உள்ளே திரெட் போய்விடும். ஸ்க்ரூவை, தகடு போரில் சிக்காமல் விடும் இடத்துக்குக் கொண்டுவந்து, பிறகு ஸ்கேனரில் டியூட்டியைப் பார்த்தபடி கையேடு சொல்லும் எல்லைக்குள் நிறுத்த வேண்டும். ஆர்பிஎம்மைப் பார்த்து இந்த ஸ்க்ரூவைத் திருப்பக்கூடாது.

சூடான பின் 720, ஏசியோடு 850. மேப் 33.

நடுவில் இன்னொரு வண்டி: டேங்க் நிரப்பிய கையோடு மட்டும் ஸ்டார்ட் ஆக அடம், எடுத்தாலும் ஐடிலிங்கில் நிற்கிறது, கால் மணி நேரத்தில் சரியாகிவிடுகிறது. பர்ஜ் வால்வில் (கேனிஸ்டர் ஆவியை என்ஜினுக்குள் விடுவது) கேனிஸ்டர் பக்க ஹோஸைக் கழற்றி விரல் வைத்தால், என்ஜின் ஆறிய ஐடிலிங்கிலேயே உறிஞ்சுகிறது. மூட வேண்டிய வால்வு திறந்தே சிக்கியிருக்கிறது. பங்கில் கன் தானாக நின்ற பிறகும், தொகை முழுசாக வரட்டும் என்று ஊற்றிக்கொண்டே போனால் பெட்ரோல் கேனிஸ்டருக்குள் இறங்கும். கரித்தூள் வந்து வால்வில் அடைப்பதும் அதனால்தான்.

08-11-2025, சனி

முதல் வண்டியின் மழை மிஸ்ஸிங் பாக்கி. இதில் இரண்டு காயில் (பிளக்குக்கு உயர் மின்சாரம் தருவது): 1, 4 சிலிண்டர்களுக்கு ஒன்று, 2, 3-க்கு ஒன்று. ஜோடி சேர்ந்து மிஸ் ஆனால் காயில். ஒன்று மட்டும் என்றால் வயர், பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன். இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றியதில் 3-ல் மட்டும் ஆர்பிஎம் அவ்வளவாக விழவில்லை. ஓடும்போது பிளக் வயரை உருவிப் பார்க்கும் பழைய முறை வேண்டாம்: எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கிவிடும், காயிலும் அடி வாங்கும்.

ஷட்டரை இறக்கி, விளக்கை அணைத்து, பூச்செடிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயால் வயர்கள்மேல் தண்ணீர் தூவல். 3-ன் பூட் (பிளக்கை மூடும் வயர் நுனி ரப்பர் உறை) பக்கம் டிக் டிக் என்று நீலப் பொறி கவருக்குத் தாவுகிறது. பிளக்கை எடுத்தால் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழே பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு கரித்தடம். பிளக் புதுசுதான், வயர் பழசு. பூட்டுக்குள் ஏற்கெனவே இருந்த தடத்தின் வழியே மின்சாரம் இறங்கிப் புது பீங்கானிலும் தடம் போட்டுவிட்டது. அந்தக் கோடு துடைத்தால் போகாது. பிளக்கும் வயரும் சேர்ந்தே மாற வேண்டும். பிளக் கேப் 1.1 மி.மீ., 14 மி.மீ. திரெட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் இறுக்கம்.

கம்ப்ரஷன், பிளக் எல்லாம் கழற்றி, இன்ஜெக்டர் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி: 13, 13, 12.5, 13 கிலோ. ஒன்றுக்கொன்று 1 கிலோவுக்குள் இருக்கிறது.

10-11-2025, திங்கள்

ஞாயிறு மழையில் ஓட்டிப் பார்த்ததாக ஓனர் சொன்னார், மிஸ்ஸிங் இல்லை. கழற்றிப் போட்டிருந்த பழைய ஆக்சிஜன் சென்சாரை மாட்டிப் பார்த்ததில் ஒழுங்காகவே மாறி மாறிக் காட்டுகிறது. டிக்கியில் வைத்துக் கொடுத்தாயிற்று.

அடுத்து ஒரு சிஎன்ஜி டாக்சி. சூடானால் மட்டும் ஐடிலிங் குலுக்கல், ஆறினால் சரி. வேக்யூம் கேஜில் (மேனிஃபோல்டின் உறிஞ்சலை அளப்பது) முள் ஒரே சீராக, கிராங்கின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை 3 அங்குலம் விழுகிறது. கேஸ் வண்டியில் வால்வு சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறும், டேப்பெட் கிளியரன்ஸ் (வால்வு முழுக்க மூட விட்டுவைக்கும் இடைவெளி) குறையும், சூட்டில் வால்வு முழுக்க மூடாது. இரவு நிறுத்திவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்யாமல் அந்த இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும்.