சார்ட்டைப் படித்தாள், திருப்பி அனுப்பிவிட்டார்கள்

அண்ணன் மகளுக்கு நான்கு வயதிலிருந்தே காது மிஷின். பதினைந்து வயதில், அந்தி சாய்ந்தால் வளவிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் விளிம்பு தெரியாமல் தடுமாறினாள். கண் பரிசோதனையில் எழுத்துச் சார்ட்டை ஏறக்குறைய முழுதும் படித்ததால் ‘பார்வை நன்றாக இருக்கிறது’ என்று அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் வீண். இன்னும் ஆறவில்லை.

அவளுக்கு இருந்தது அஷர் சிண்ட்ரோம், காதையும் விழித்திரையையும் சேர்த்துப் பாதிக்கும் பரம்பரை நோய். அதில் முதலில் போவது இரவுப் பார்வை, பிறகு பக்கப் பார்வை. நடுப்பார்வை பல வருடம் தாக்குப்பிடிக்கும். அதனால் காது மந்தமான பிள்ளைக்கு மாலைக்கண்ணும் இருந்தால் சார்ட்டோடு விடாதீர்கள். விஷுவல் ஃபீல்டு (பார்வைப் புலத்தின் அகலத்தை அளப்பது), ஓசிடி (விழித்திரை ஸ்கேன்), ஈஆர்ஜி (வெளிச்சத்துக்கு விழித்திரை தரும் மின் துடிப்பைப் பதிவது) மூன்றையும் கேளுங்கள்.

மதுரையில் ஈஆர்ஜி எடுக்கப் போன முதல் பயணமும் வீண்தான். சொட்டு மருந்து விட்டு இருபது நிமிடமாவது இருட்டில் வைப்பார்கள். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவளுக்கு விளக்கை அணைத்தபின் சொன்னது எதுவும் எட்டவில்லை. கண்ணை அசைத்துக்கொண்டே இருந்தாள், பதிவு தேறவில்லை. அடுத்த முறை வெளிச்சத்திலேயே எல்லாம் விளக்கினோம். தோளில் ஒரு தட்டு என்றால் நேரே பார், இரண்டு என்றால் ஓய்வு. முடிந்தது.

ஜீன் டெஸ்டுக்குப் பிள்ளையின் ரத்தத்தை மட்டும் கொடுக்காதீர்கள். ரிப்போர்ட்டில், அஷருக்குக் காரணமாகும் ஜீன்களில் ஒன்றான யூஎஸ்எச்2ஏ-யில் இரண்டு மாற்றங்கள் வந்தன. அவை ஆளுக்கொன்றாக வந்தவையா என்று பார்க்கத் தாய் தகப்பன் ரத்தத்துக்கு மறுபடி அலைந்தோம். ‘யார் வீட்டு வழி’ என்று பெண்ணைப் பெற்றவளைக் குத்துகிற பேச்சுக்கு அந்த ரிப்போர்ட்டே பதில்: இரு பக்கமும் சேர்ந்தால்தான் வரும். அடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீத வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று கல்யாணம் பேசுமுன் மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போனபோதும் சார்ட்டைத்தான் நீட்டினார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்வைப் புலம் 40 டிகிரிக்குக் கீழே, 10 டிகிரி வரை என்றாலே குறைபார்வைதான். ஃபீல்டு பிரிண்டை முதல் தாளாக வைத்துக் கேட்டோம், ஏற்றுக்கொண்டார்கள். காதும் கண்ணும் சேர்ந்தால் பல்வகைக் குறைபாடு. இரண்டு ரிப்போர்ட்டையும் ஒரே நாளில் கொடுங்கள்.

இழந்த பார்வையைத் திருப்பித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள். வைட்டமின் ஏ-யும் மருத்துவர் சொல்லாமல் வேண்டாம். விழித்திரை நடுவே நீர் கோப்பதற்கும் கண்புரைக்கும் சிகிச்சை உண்டு. வருடாவருடம் பார்க்க வேண்டும்.

வீட்டில் முற்றத்து விளிம்புக்கும் நிலைப்படிகளுக்கும் அகலமான மஞ்சள் டேப். ஆத்தங்குடித் தரையின் பளபளப்பு கண்ணைக் கூசச் செய்ததால் மெழுகுப் பூச்சை நிறுத்திவிட்டோம்.